கல்னின்ஷ் என்ற பெயரும் சனிக்கிழமை இறுதிப் போட்டியும்

அனுப்புநர்:
கீதன் சோதிலிங்கம்,
அணித் தலைவர், மனுரேவா கரப்பந்து அணி,
ஆக்லாந்து.

பெறுநர்:
திரு. குணரத்தினம் இராசையா அவர்கள், சமாதான நீதவான்,
தலைவர், தமிழர் கரப்பந்துச் சுற்றுப்போட்டிக் குழு,
லின்ஃபீல்ட், ஆக்லாந்து.

பொருள்: எமது அணி வீரர் ஆரணன் கல்னின்ஷ் கடைசிப் பெயரைக் காரணம் காட்டி நீக்கப்பட்டது தொடர்பான புகார்.

மதிப்புக்குரிய ஐயா,

தும்மல் இல்லை, பெயர்தான். கடந்த ஞாயிறு அரையிறுதி முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "கல்னின்ஷ்... இதென்ன தம்பி, பேரோ தும்மலோ?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்ததில் பதில் சொல்ல இடம் கிடைக்கவில்லை. எழுத்தில் சொல்கிறேன்.

1. கல்னின்ஷ் என்றால் லாட்விய மொழியில் சிறு குன்று. ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன் அங்கே பண்ணை அடிமைகளை விடுவித்த பிறகுதான் அவர்களுக்குக் குடும்பப் பெயர் வந்தது. மரம், பறவை, மேடு என்று கண்ணில் பட்டதெல்லாம் பெயராயிற்று. ஓசொல்ஸ் என்றால் ஓக் மரம். வானக்ஸ் என்றால் பருந்து. ஆரணனின் முன்னோர் யாரோ ஒருவர் வீட்டுப் பக்கம் ஒரு குன்று இருந்திருக்கும், அவ்வளவுதான். குன்றில் முருகன் நின்றால் கும்பிடுகிறோம், ஆளின் பெயரில் குன்று நின்றால் சிரிக்கிறோம்.

2. இதைச் சொன்னவர் ஆரணனின் அப்பா யானிஸ். ஈஸ்ட் டாமாக்கியில் வெல்டிங் வேலை செய்கிறவர். நீங்கள் ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிற, விடிய வந்து வலை கட்டிக் கோடு போடுகிற வெள்ளைக்காரர். அந்த வலைக் கம்பங்களும் அவர் செய்து தந்தவை. அவருடைய தாய் ரஷ்யர், குஸ்நெத்சோவா. கொல்லன் வீட்டுப் பெயர். அங்கே எத்தனையோ பேர் அந்தப் பெயரோடு கூச்சமில்லாமல் திரிகிறார்கள். நம்மில் யாராவது தொழிலைக் கடைசிப் பெயராக வைத்துக்கொண்டு உங்கள் மேடைக்கு வருவார்களா? "ஆற்றை மகன் நீ?" என்று தகப்பன் யாரென்று கேட்டே மிச்சத்தைக் கணக்குப் போடுகிற ஆட்கள் நாம்.

3. "கடைசிப் பெயர் தமிழ்ப் பெயராக இருக்க வேண்டும்" என்பது குழுவின் விதி. நமக்கு ஊரில் ஏது ஐயா கடைசிப் பெயர்? விசா படிவத்தில் ஒரு பெட்டி காலியாக இருந்தது, அப்பாவின் பெயரைப் போட்டோம். வங்கியில் "மிஸ்டர் இராசையா" என்று உங்கள் அப்பாவைக் கூப்பிட, நீங்கள் எழுந்து போகிறீர்கள். ரஷ்யாவில் நெபோம்னியாஷி என்று ஒரு பெயர் உண்டு: ஞாபகமில்லாதவன். சைபீரியாவிலிருந்து தப்பி ஓடிப் பிடிபட்டவர்கள், பெயர் கேட்டால் "ஞாபகமில்லை" என்பார்களாம். அதையே பெயராக எழுதிவிடுவார்களாம். விமான நிலையத்தில் அப்படிச் சொல்லித்தான் நம் ஆட்களும் சிலர் இங்கே வந்தார்கள். யார் யார் என்று எழுத மாட்டேன்.

உங்கள் விதிப்படி ஃபிஜி அணியின் ஆஷிஷ் கவுண்டர் விளையாடலாம். அவனுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. நல்ல பொடியன், அவனை நீக்கச் சொல்லவில்லை. ஆனால் கௌரி அன்ரி பெற்று, தமிழில் திட்டு வாங்கி வளர்ந்த ஆரணன் விளையாடக் கூடாதாம். நம் ஊர்க் கரப்பந்தான ஓவர்கேமில் அவன் அடியை எடுக்க ஆளில்லாததால்தான் எதிரணி அவன் பெயரைப் பிடித்துக்கொண்டு முறையிட்டது.

4. நான் பொலிடெக் படிப்பைப் பாதியில் விட்டவன். அது உங்களுக்குத் தெரியும், கோயிலில் வைத்து இரண்டு தரம் அப்பாவிடம் கேட்டிருக்கிறீர்கள். பெரிய ஆட்களுக்கு மனு எழுத எனக்குத் தகுதியில்லை என்றே வையுங்கள். ஆனால் நீங்கள் தும்மல் என்று சொன்னபோது யானிஸ் வலைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நின்றார். கௌரி அன்ரியோடு இருபது வருடம் வாழ்ந்தவருக்கு அந்தளவு தமிழ் விளங்கும். கயிற்றைச் சுருட்டி, வழக்கமான இடத்தில் வைத்துவிட்டுப் போனார். ஆரணன் அதைப் பார்த்தான்.

அன்றிலிருந்து அவன் பயிற்சிக்கு வரவில்லை. கடைசிப் பெயரை மாற்றப் போகிறானாம். அம்மாவின் அப்பா பெயரான சுந்தரத்தைப் போட்டுக்கொண்டு சனிக்கிழமை இறங்குவானாம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பெயர் மாற்றத்துக்கு ஒரு சமாதான நீதவான் முன் உறுதிமொழி கொடுக்க வேண்டும். "அந்தாளுக்கு முன்னாலேயே போடுறன் கையெழுத்து" என்கிறான். அந்தாள் நீங்கள்.

ஆகவே கேட்டுக்கொள்வது: அந்த விதியை எடுங்கள். ஆரணனைத் திரும்பச் சேருங்கள். சனிக்கிழமை அதே ஒலிவாங்கியில், வலை கட்டுகிறவருக்குக் கேட்கும்படி, அந்தப் பெயரை ஒழுங்காகச் சொல்லுங்கள். கல்-னின்ஷ். கஷ்டமில்லை.

இன்று அவன் படிவத்தோடு உங்கள் கதவைத் தட்டினால், முத்திரையை எடுக்க முன், விதியை எடுத்துவிட்டதை அவனிடம் சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் மாற்ற வேண்டும் என்றால் அது அவன் பாடு.

இப்போதுதான் கௌரி அன்ரி மெசேஜ் போடுகிறார், அவன் காரை எடுத்துவிட்டானாம். மோட்டர்வே இந்த நேரம் நெரிசல். எனக்குக் குறுக்கு வழி தெரியும். இந்தக் கடிதம் அவனுக்கு முன் உங்கள் கைக்கு வர வேண்டும். நான் போகிறேன்.

இடம்: மனுரேவா
நாள்: வியாழக்கிழமை

கீதன்