மாலை போட்ட முப்பத்தாறு ஜெர்மன்காரர்கள்

ஞாயிறு

காலையிலேயே தூசிக் காற்று. இண்டஸ்ட்ரியல் ஏரியா முழுக்க மஞ்சள். இப்படி ஒரு பெரிய ஆர்டர் வரும், என் லீவு நேரம் பார்த்துத்தான் வரும், நான்தான் மாட்டுவேன் என்று போன மாசமே சொன்னேன். படத்துக்குப் பிரேம் போடுற எங்க கடையில் ஒருத்தனும் காதில் வாங்கவில்லை.

ஆர்டர் ஜெர்மன் மேடத்துடையது. துபாயில் பியானோ சொல்லிக் கொடுக்கிறாங்க. 36 படம், எல்லாம் அவங்க ஊர் மியூசிக் டைரக்டர்கள். அந்தக் காலத்தில் அங்கே ஒரு மியூசிக் டைரக்டர், தெரிஞ்சவங்களுக்கெல்லாம் லெட்டர் போட்டு மற்ற வித்வான்கள் படத்தை வாங்கிச் சேர்த்தாராம். நூற்றுக்கணக்கில். வாசிக்கிற ரூம் சுவர் பூராவும் முகம். வர்றவங்க முதலில் முகம் பார்க்கணும், அப்புறம்தான் பாட்டு. மேடமும் அதே மாதிரி ரூம் பண்றாங்க.

"நோ டென்ஷன் மேடம், எல்லாரையும் எனக்குத் தெரியும்" என்றேன். தெரியும்தான். மூக்கைப் பார்த்தே யார் பியானோ, யார் பிடில் என்று சொல்லிவிடுவேன்.

பாக்கி: மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கிற அட்டை) 20. கண்ணாடி 36. மருமகனுக்குக் கடுக்கன் (வாங்கியாச்சு, அரைப் பவுன்). புதன் பிளைட். வெள்ளி காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருத்தன்தான்.

திங்கள்

வேலை முடிஞ்சது. 35 பேருக்கும் பஞ்சு வைத்த மாதிரி முடி. கடைசி ஒன்று மட்டும் கலர் போட்டோ, ஸ்வெட்டர் போட்ட வழுக்கைக் கிழவர். அவரும் அந்தக் கூட்டம்தானே.

எல்லாம் போய்ச் சேர்ந்தவங்க. மாலை இல்லாமல் எப்படிக் கொடுக்கிறது? நம்ம ஆளுங்க என்றால் கேட்டே வாங்குவாங்க. கடையில் சந்தனச் சீவல் மாலை ஒரு பெட்டி கிடந்தது. 36-க்கும் போட்டேன். இனாம்.

கண்ணாடி அறுக்கிற செபஸ்தியான்: "அண்ணாச்சி, இது பியானோ கிளாஸா, கருமாதி வீடா?"

"மரியாதைடா. உனக்கென்ன தெரியும்."

தங்கச்சி போன். "ஏழு வருசம் கழிச்சுப் பொறந்த புள்ளண்ணே. நீ வராம வேற ஆளு மடியில உட்கார வச்சா, இந்த வீட்டுல நான் தலை நிமிர முடியாது."

"நான் இருக்கையில எவன் மடிடி?" என்றேன்.

செவ்வாய்

மேடம் வந்தாங்க. கலர் போட்டோ முன்னால் நின்னாங்க. "என் குரு. நேத்துகூடப் போனில் பேசினேன். எண்பத்தெட்டு வயசு."

செபஸ்தியான் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டான்.

"இந்த மாலைக்கு என்ன அர்த்தம்?"

ஒரு செகண்ட்தான். "எங்க ஊரில் பெரிய வித்வானுக்கு உயிரோடு இருக்கும்போதே போடுவோம் மேடம். ஆயுசு கூடும்."

மேடம் கண்ணில் தண்ணி. அங்கேயே படம் எடுத்து அவருக்கு அனுப்பினாங்க. உடனே பதில். கிழவருக்கும் அதே மாதிரி ஒன்று வேணுமாம், கட்டில் தலைமாட்டில் மாட்ட. கூடவே மேடத்துக்கு இன்னும் 30, மாலையோடு. எல்லாம் இப்போ வாசிக்கிறவங்க, உயிரோடு உள்ளவங்க. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துப்பாங்களாம்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "தங்கராசு, நீ போட்ட மாலை, நீயே முடி. லீவு கேன்சல்." பாஸ்போர்ட்டை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார்.

புதன்

புழுக்கம். ஏசி தண்ணி சொட்டுது. புதுப் படங்கள் வந்தாச்சு. மேலே இருந்தது பிடிலோடு சிரிக்கிற ஒரு பொண்ணு. இருபது வயசு இருக்கும்.

செபஸ்தியான் கையைக் கட்டிக்கொண்டான். "பச்சப்புள்ள மாதிரி இருக்கு. இதுக்கு நான் மாலை போட மாட்டேன். அந்தம்மா என்கிட்ட அர்த்தம் கேட்டா உள்ளதச் சொல்லிருவேன், ஆமா."

நானும் அந்தப் படத்தைத் தொடவில்லை. குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். முதலாளி விடலை, பாஸ்போர்ட்டைப் பூட்டிட்டார்னேன். "பாஸ்போர்ட்ட பூட்டி வச்சுக்கிட்டா நீ என்னண்ணே பண்ணுவ" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

மணி 4.40. பிளைட் கிளம்பியிருக்கும்.

நேற்று இங்கே எழுதினது பொய். முதலாளி எதையும் பூட்டவில்லை. "நீ ஊருக்குக் கிளம்புப்பா, மேடத்துக்கிட்ட செபஸ்தியான் பேசிக்குவான்" என்று நேற்றே பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டார். அவன் பேசினால் மாலைக்கு உள்ள அர்த்தம் வெளியே வந்துடுமே. பாஸ்போர்ட் சட்டைப் பையில்தான் இருக்கு.