மூட்டைக்குள் இருந்த மணி

மார்ச் 4

அன்புத் தங்கச்சிக்கு,

இன்றும் உன் வீட்டுப் பூட்டோடு பேசிவிட்டுத் திரும்பினேன். இது இரண்டாவது செவ்வாய். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பார்ப்பதுதான் என் வேலை, பூட்டுகளை அல்ல. தொடர்ந்து மூன்று வாரம் கதவு திறக்காவிட்டால் ஆபீசில் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிடுவார்கள். வாண்டுவுக்கு ஒன்பது மாதம் ஆகிவிட்டது. பின்னால் நின்று மணியடித்தால் திரும்புகிறானா என்று இந்த மாதம் பார்த்தாக வேண்டும். என்மேல் ஏதாவது கோபமா? இருந்தால் நேரில் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இதைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன்.

உன்
மூட்டை அக்கா

மார்ச் 8

அன்புள்ள மூட்டை அக்காவுக்கு,

கோபமெல்லாம் இல்லை. சலவைக் கம்பெனியில் துணி மடிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை லீவு கேட்கப் பயமாக இருக்கிறது. வாண்டுவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன். தயவுசெய்து எங்கள் பெயரை எடுத்துவிடாதீர்கள். நீங்கள் பொம்மை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரும் அன்றைக்குத்தான் நான் தலை சீவுவேன். இவன் அப்பா விட்டுவிட்டுப் போனபிறகு "சாப்பிட்டியாடி?" என்று என்னைக் கேட்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

அவன் ரொம்பச் சமர்த்து. நேற்று தூங்கும்போது குக்கர் மூடி கைதவறி விழுந்தது. அசையவே இல்லை, சரியான கும்பகர்ணன்.

உங்கள் தங்கச்சி

மார்ச் 11

அன்புத் தங்கச்சிக்கு,

இன்றும் பூட்டுதான், மூன்றாவது முறை. உன் பெயரை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. வந்தேன், பார்த்தேன் என்று எழுதிவிட்டேன். படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. 'மணியடித்தால் திரும்புகிறான்' என்பதற்கும் டிக் போட்டேன். போன மாதம் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்த பிள்ளைதானே! இது நமக்குள் இருக்கட்டும். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன். கும்பகர்ணனை எழுப்பி வை.

மூட்டை அக்கா

நவம்பர் 20

அக்கா,

வாண்டு இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்று செப்டம்பரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டர் முதலில் உங்கள் படிவத்தைத்தான் பார்த்தார். "ஒன்பது மாசத்துல காது நல்லாத்தானே கேட்டிருக்கு? நடுவுல என்ன காய்ச்சல் வந்துச்சும்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வராத காய்ச்சலைத் தேடி இரண்டு மாதம் அவன் கையில் ஊசி குத்தினார்கள். பிறவியிலேயே கேட்காதாம். அப்போதே தெரிந்திருந்தால் காதில் கருவி மாட்டிப் பேசப் பழக்கியிருக்கலாமாம்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உங்கள் வேலை போய்விடும். எத்தனை ஞாயிறு வந்தீர்கள் அக்கா, அந்த மணியை ஒருமுறைகூட வெளியே எடுக்கவில்லையே. பெயரை எடுக்காதீர்கள் என்று கெஞ்சினவளும் நான்தான். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அழுகிறேன்.

தங்கச்சி

நவம்பர் 24

தங்கச்சிக்கு,

நடந்ததையெல்லாம் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். படிவத்தைத் திருத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், அது சரிதான். டிக் போட்டதும் அது முடிந்துபோன வேலையாக என் மனசில் பதிந்துவிட்டது. எத்தனையோ முறை அவனை மடியில் வைத்திருந்தும் எனக்குத் தெரியவில்லையே. மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

இனி செவ்வாய்க்கிழமை வேறொரு பெண் வருவாள். கோபத்தை என்மேல் வைத்துக்கொள். அவளுக்குக் கதவைத் திற.

அக்கா

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

அந்தப் பெண்ணுக்குக் கதவைத் திறக்கிறேன். செவ்வாய் அரைநாள் லீவு வாங்கியிருக்கிறேன். மேஸ்திரியிடம் பயந்து பயந்துதான் கேட்டேன், "இதை அப்பவே கேட்டிருக்கலாமேம்மா" என்று சொல்லிவிட்டார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கருவி வர இன்னும் நாளாகுமாம். எங்கள் மாடி அறைக்குப் பலகைத் தரைதானே, அதுவரை அதைக் காலால் தட்டி அவனைக் கூப்பிட அந்தப் பெண் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், அதிர்வு அவனுக்குத் தெரியுமாம். நேற்று அவன் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டினேன். திரும்பினான் அக்கா. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி நான் எழுத மாட்டேன். நீங்களும் பதில் போட வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

வாண்டுவின் அம்மா