வரிசை குறைந்ததால் வந்த வினை

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். மனசளவில் நான் சுகமில்லை, அதனால்தான் போனை எடுக்காமல் பேனாவை எடுத்தேன். போனில் கூப்பிட்டால் இரண்டு நிமிஷத்தில் அம்மாவிடம் கொடுங்கள் என்பாய், அம்மா கைக்குப் போன போன் எனக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதிலிருந்து, இன்னும் வலிக்கிறதா என்று பார்ப்பதற்காகவே தினம் இரண்டு தடவை கூடுதலாக ஏறி இறங்குகிறாள். சின்னவன் கடையில் நன்றாகத்தான் இருக்கிறான், நான் நிறப்படி அடுக்கியிருந்த பொத்தான் பெட்டிகளை அளவுப்படி மாற்றிவிட்டான், இரண்டு நாள் என் கடையிலேயே நான் வழி தெரியாமல் நின்றேன். மழையில் பின்சுவரில் ஓதம் ஏறி ஒரு பெட்டி ஜிப் துருப்பிடித்துப் போனது. இதெல்லாம் வழக்கமான தலைவலி, தைலம் தடவினால் போய்விடும். தைலத்துக்குப் போகாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

தையல்கூடங்கள் இருக்கும் தெருவின் பின்சந்தில் பெண்கள் நல நிலையம் ஒன்று இருக்கிறதே, நீ பள்ளிக்கூடம் போகும்போது மருந்து வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாயே, அதன் ஆலோசனைக் குழுவில் மூன்று வருஷத்துக்கு முன் என்னைச் சேர்த்தார்கள். குழுவில் ஒரு வியாபாரி இருக்க வேண்டுமாம். உன்னிடம் மறைக்க என்ன, நான் போனது சேவை செய்ய இல்லை, தையல்கூட முதலாளிகள் நாலு பேர் பழக்கமானால் நூல் விற்கும் என்று போனேன். முதல் நாள் காலையில் பார்க்கிறேன், சந்து முனை வரைக்கும் பெண்கள் வரிசை. பாதிப் பேர் தெரிந்த முகம், காஜா போடுகிறவர்கள், பொத்தான் தைக்கிறவர்கள், இஸ்திரி போடுகிறவர்கள். கர்ப்பத்தடை மாத்திரை ஒரு பட்டை வாங்க மாதாமாதம் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். எனக்கு வியாபாரிக் கோபம் வந்துவிட்டது. நர்ஸம்மாவிடம் போய், ஒரே பொருளை ஒரே ஆளுக்கு மாதாமாதம் எடுத்துக் கொடுப்பது எந்த ஊர் நியாயம், மொத்தமாகக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். அந்த அம்மா அங்கே பத்தொன்பது வருஷமாக இருக்கிறார், ஆளைக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "விதி ஒண்ணும் இல்லைங்க, ஆரம்பத்துலேருந்து இப்படியே பழகிப்போச்சு" என்றார். டாக்டரம்மாவிடம் பேசி, உடம்புக்கு மாத்திரை ஒத்துக்கொண்டவர்களுக்கு மூன்று பட்டை சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டே மாதத்தில் வரிசை கரைந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை, கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அந்தப் பீற்றல்தான் இப்போது தொண்டையில் நிற்கிறது. போன வருஷக் கடைசியில் நகரசபையின் நிதிப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பதிவேட்டைப் புரட்டினார். முன்பு வருஷத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், இப்போது எத்தனை பேர் என்று கூட்டிப் பார்த்தார், மூன்றில் ஒரு பங்கு. "தேவை குறைந்துவிட்டது" என்று ஒரு வரி எழுதிக்கொண்டு போனார். பெண்கள் அதேதான், மாத்திரை அதேதான், வந்து நிற்கும் தடவைதான் குறைந்தது, அதை அவர் கேட்கவில்லை, கேட்காததை யாரும் சொல்லவுமில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் பெண்கள் நலத்துக்கும் வருகிற பணத்தில் பாதி போயிற்று, பூங்காவில் நீரூற்று வைக்கிறார்களாம். ஆறு நாள் வந்த டாக்டரம்மா செவ்வாய், வெள்ளி இரண்டு நாள்தான் வருகிறார். கருப்பை வாய்ப் பரிசோதனை நின்றுவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் கர்ப்பத்தடை ஊசி இருப்பில் இல்லை. என் புத்திசாலித்தனத்தால் வந்தது என்று யாரும் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

நம் கடைக்கு ஒரு பெண் வருவாள், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள், தெருவே ஓவர்லாக் அக்கா என்றுதான் கூப்பிடும், வயது என்னவோ உன் வயதுதான். தையல்கூடத்துக்கு நூல்கண்டு வாங்க அவளைத்தான் அனுப்புவார்கள், பேரத்தில் என்னையே மிஞ்சுவாள். "அண்ணே, போன தடவை குடுத்த நூல் உங்க பேச்சு மாதிரியே நடுவுல நடுவுல அறுந்துபோச்சு, விலையைப் பார்த்துப் போடுங்க" என்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவாள். இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் வந்தாள், கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு நூலை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். பேரம் பேசவில்லை. கூப்பிட்டு, என்னம்மா உடம்பு சரியில்லையா என்றேன். "நாலாவதுண்ணே" என்றாள். மூன்றாவது பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்து, இன்னொன்று வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லி அனுப்பிய உடம்பு அது. அதற்காகத்தான் அந்த ஊசியைத் தவறாமல் போட்டுக்கொண்டு வந்தாள். ஊசி போட வேண்டிய நாள் டாக்டரம்மா வராத நாள், நிலையம் மூடியிருந்தது. அடுத்த வாரம் அரை நாள் லீவு சொல்லிப் போனால் மருந்து தீர்ந்துவிட்டது. வெளியில் வாங்க விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டுக்காரர், பார்த்துக்கலாம் என்றாராம். "அவரு பார்த்துக்கிட்டாரு, நான் சுமந்துக்கிட்டேன்" என்று சிரித்தாள். தெரிய வருவதற்குள் மூன்று மாதம் கடந்திருந்தது, கலைப்பதும் ஆபத்து என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு நான் கடையில் ஒன்றும் விற்கவில்லை, விற்றிருந்தாலும் எனக்கு நினைவில்லை.

மறுநாள் நகரசபை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பழகிய குமாஸ்தா ஒருவர், நம்மிடம் தையலுக்கு நூல் வாங்குகிறவர், என்னைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், "இதுக்கு ஏன் சார் அலையறீங்க, மூணு பட்டை குடுத்தா மூணு தேதி போட்டு மூணு வரி எழுதச் சொல்லுங்க, எண்ணிக்கை தானா ஏறும், பணம் தானா வரும்" என்றார். யோசனை எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்லமாட்டேன். கடை திறந்த புதிதில் வெறும் பெட்டிகளை அடுக்கி நிறையச் சரக்கு இருப்பதாகக் காட்டினவன்தானே நான். நேரே நர்ஸம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பதிவேட்டை மூடி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். "இதுல ஒரு வரி பொய் எழுதினா, ரத்தம் இல்லாம வந்து விழுந்தவங்க வரியையும் நாளைக்கு எவனாவது பொய்யும்பான். அதை நான் யார்கிட்டப் போய் நிரூபிப்பேன்? நீங்க வாயால பண்ணின காரியத்தை வாயாலயே சரி பண்ணுங்க" என்றார். நகரசபையின் மறுபரிசீலனைக் கூட்டத்தில் பேச எனக்கு ஐந்து நிமிஷம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

நாற்பது வருஷமாக வாயால் பிழைக்கிறேன், இந்த ஐந்து நிமிஷத்துக்கு நாக்கு வறண்டுவிட்டது. வீட்டில் அம்மாவை உட்காரவைத்துப் பேசிப் பழகினேன். பெண்களுக்கு அந்த விஷயத்தில் உதவி தேவை என்று தொடங்கினேன். "எந்த விஷயத்துல?" என்றாள். அதுதான், அந்த விஷயம் என்றேன். "ஜிப் விக்கும்போது ஜிப்புன்னு சொல்றீங்க, கொக்கி விக்கும்போது கொக்கின்னு சொல்றீங்க, இதுக்கு மட்டும் பேர் கிடையாதா? கர்ப்பத்தடை ஊசின்னு சொல்லுங்க, மாதவிடாய்ன்னு சொல்லுங்க, கருப்பை வாய்ன்னு சொல்லுங்க. வாய் வரலைன்னா போகாதீங்க" என்றாள். கண்ணாடி முன் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், சின்னவன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டான். கூட்டத்தன்று காலையில் பெரிய கொள்முதல்காரர் ஒருவர் கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார், நான் தயங்கினேன். அப்போது உன் அம்மா ஒன்று சொன்னாள். உனக்கு இது தெரியாது, சின்னவனுக்குப் பிறகு ஒரு கரு தங்காமல் போனது. "அன்னிக்கு எனக்கு ரத்தம் போய்க்கிட்டே இருந்துச்சு, ஆள் விட்டுக் கூப்பிட்டேன், சரக்கு இறங்கிக்கிட்டு இருக்குன்னு நீங்க வரலை. அந்த நிலையத்து நர்ஸுதான் ரிக்‌ஷாவுல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனா. இன்னிக்காவது கடையைப் பூட்டிட்டுப் போங்க" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். பூட்டிவிட்டுப் போனேன்.

கூட்டத்தில் எழுந்து நின்றதும் ஓர் உறுப்பினர், வயசான காலத்துல இவருக்கு ஏன் இந்தக் கவலை என்று பக்கத்து ஆளிடம் சொல்லிச் சிரித்தார், எல்லோருக்கும் கேட்டது. என் மூன்று வார்த்தைகளையும் முதலிலேயே பளிச்சென்று சொல்லிவிட்டேன், சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு கடை பாஷையில்தான் பேசினேன். மாதம் ஒரு பெட்டி நூல் வாங்கியவர் மூன்று பெட்டி சேர்த்து வாங்கிக்கொண்டு போனால் என் வியாபாரம் படுத்துவிட்டது என்றா அர்த்தம், வாசலில் எத்தனை தலை என்று எண்ணாதீர்கள், எத்தனை மாதத்துக்கான மருந்து உள்ளேயிருந்து போயிற்று என்று எண்ணுங்கள் என்றேன். வரிசை குறைய யோசனை சொன்னது நான், அதற்கு நீங்கள் தண்டித்தது வரிசையில் நின்றவர்களை என்றேன். ஊசி இல்லாமல் ஒரு பெண் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தினம் தையல்கூடத்தில் மெஷின் ஓட்டுகிறாள், அவள் அனுமதியோடு சொல்கிறேன் என்றேன். பெயர் சொல்லவில்லை, அதற்கு அவள் அனுமதி கொடுக்கவில்லை. நகரசபைத் தலைவரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதைப் பதிவேடு பார்த்தப்பவே ஏன் யாரும் சொல்லலை?" என்று கேட்டார். நிதிப் பிரிவு ஆள் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

முடிவு பாதி. மாத்திரையும் ஊசியும் அடுத்த மாதத்திலிருந்து பழைய அளவுக்கு வரும். இனி மாதக் கணக்கில் எண்ணுவதாகவும் எழுதிவிட்டார்கள். டாக்டரம்மா வராமல் போன நாலு நாளும், கருப்பை வாய்ப் பரிசோதனையும் அடுத்த நிதிநிலை அறிக்கை வரும்போதுதான், அதற்கு ஏழு மாதம் இருக்கிறது. தெருவில் எல்லோரும் கை கொடுத்தார்கள், ஜெயித்துவிட்டேன் என்றார்கள். நானும் கொஞ்சம் மயங்கிப்போய், ஓவர்லாக் அக்கா நூலுக்கு வந்தபோது ஊசி திரும்ப வரப்போகிறதம்மா என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு இப்ப எதுக்குண்ணே அது? டாக்டரம்மா என்னைக்கு வர்றாங்க, அதைச் சொல்லுங்க" என்றாள். செவ்வாயும் வெள்ளியும் என்றேன். வயிற்றைத் தட்டி, "கேட்டுக்கிட்டியா, நாள் பார்த்து வா" என்று அதனிடம் சொல்லிவிட்டு, நூலுக்குப் பேரம் பேச ஆரம்பித்தாள். கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டேன். அதற்கும் திட்டினாள், பரிதாபப்பட்டு ஒன்றும் தர வேண்டாம் என்றாள்.

அவள் பிரசவத்துக்கு நாலு மாதம் இருக்கிறது, டாக்டரம்மா முழு வாரமும் வர ஏழு மாதம். இந்த மூன்று மாதப் பிந்தலை எந்தச் சாமர்த்தியத்தால் ஈடுகட்டுவது என்று தெரியவில்லை. தையல்கூட முதலாளிகளிடம் போய்க்கொண்டிருக்கிறேன், நீங்கள் பங்கு போட்டு இன்னும் இரண்டு நாளுக்கு ஒரு டாக்டரை வைத்தால் உங்கள் மெஷின்கள்தான் நிற்காமல் ஓடும் என்று லாபக் கணக்காகவே சொல்கிறேன், தர்மம் என்று சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இதுவரை இரண்டு பேர் தலையாட்டியிருக்கிறார்கள், ஒருவர் யோசிக்கிறார், மற்றவர்கள் டீ. நகரசபைக்கு ஒரு மனு போக வேண்டும், என் பேச்சு வரும், எழுத்து வராது, நீ அலுவலகத்தில் எழுதும் அந்த அழுத்தமான நடையில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பு. நான் சொன்னதில் ஒன்றையும் மென்மையாக்காதே.

இன்னொன்று. கல்யாணமான நாளிலிருந்து போனிலும் கடிதத்திலும் விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா என்று உன்னை நச்சரித்தவன் நான். இனிமேல் கேட்கமாட்டேன். அது உன் உடம்பு, உங்கள் இரண்டு பேர் முடிவு. உறவில் யாராவது கேட்டால் என் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன், வார்த்தைகள் இப்போது நன்றாகவே வருகின்றன.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல், நினைத்தது நினைத்தபடி நடந்து, நீண்ட நாள் நிம்மதியாக இருக்க வேண்டும், அம்மாவும் தலைமேல் கை வைத்து ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். கருப்பை வாய்ப் பரிசோதனையை நீ ஆறு மாதமாகத் தள்ளிப்போடுகிறாய் என்று அவள்தான் சொன்னாள், வேலையாம், நேரமில்லையாம். உன் ஊரில் டாக்டர் தினமும் இருக்கிறார். நாளைக்கே போ.

இப்படிக்கு,
உன் நலமே கேட்டிருக்கும் அப்பா