சிலிண்டரை மூடிவிட்டேன்

என்னங்க,

கேஸ் சிலிண்டரை நானே மூடிவிட்டேன். போன தடவை, "மூடினோமான்னு ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடலாம் ஷீலா" என்று பெருங்களத்தூர் வரை போன ஆட்டோவைத் திருப்பினீர்கள். ரயில் போய்விட்டது. அதோடு கும்பகோணம், தஞ்சாவூர், மதுரை எல்லாம் போயின.

அதனால் இன்று பெட்டிகளோடு நான் முன்னால் போகிறேன். நேற்றெல்லாம் பேசாமல் இருந்தது கோபத்தால் அல்ல. தனியாகப் போக முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முடியும். நீங்கள் வருவதற்குள் ரயில் கிளம்பினாலும் இறங்கமாட்டேன்.

ஆபீசிலிருந்து வந்ததும் சாவியைப் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா அக்காவிடம் கொடுத்துவிட்டு, நேராகத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வாருங்கள்.

ஷீலா

பி.கு.: தயிர்சாதம் இரண்டு பேருக்கும் கட்டியிருக்கிறேன். சோழர்களைப் பற்றி நான் படித்துக் காட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட, எனக்கு நீங்கள்தான் வேண்டும்.