பிரபு ஜகத் என்கிற பெஜோ

சாலாதிகா
ஞாயிறு காலை

அன்பு மகள் லாரஸுக்கு,

1. இக்கடிதத்தை எழுதுபவன் ஹர்தோயோ ஆகிய நான், உன் தந்தை, இந்நகரில் நெடுங்காலம் நோட்டரியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தெளிந்த நினைவோடும், எவருடைய வற்புறுத்தலும் இன்றியும் எழுதுகிறேன். உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். நிற்பது வற்புறுத்தல் ஆகாது என்பது அவள் வாதம்.

2. எழுதப்படும் பொருள்: கிணறு தோண்டும் வேலைக்கென்று நீ கடல் தாண்டிக் கூப்பாங் புறப்பட்டபோது என் பொறுப்பில் விட்டுச் சென்ற, உள்ளங்கை அளவேயான ஆமைக்குட்டி. நீ அதற்கு இட்ட பெயர் பிரபு ஜகத், அதாவது உலகாளும் அரசன்.

"முதல்ல அது நல்லா இருக்குன்னு எழுதுங்க. புள்ள பயந்துடும்" என்கிறாள் அம்மா. முடிவை முதலில் எழுதும் வழக்கம் எந்த ஆவணத்திலும் இல்லை. ஆகவே நடந்தவற்றை வரிசைப்படியே எழுதுகிறேன். நீ தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் "ஆமை நலம்" என்று நான் சொன்னது முழு விவரமன்று என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

காலைதோறும் அதைப் புல்லில் விட வேண்டும் என்று நீ சொல்லிப் போனாய். நான் யோசித்தேன். நம் ஊரோ மலைச்சாரல். குளிரும் மழையும் உண்டு. அது ஆப்பிரிக்க இனம். காகம் உண்டு. எதிர் வீட்டுப் பூனை உண்டு. வேலிக்கு அடியில் தோண்டிக்கொண்டு போய்விடவும் கூடும். எனவே தச்சரை அழைத்து, பின்தாழ்வாரத்தில் ஒரு கூண்டு செய்வித்தேன். நான்கு பக்கமும் கண்ணாடி, மேலே கண்ணாடிக் கூரை, பித்தளைப் பூட்டு. உள்ளே தேங்காய் நார்த்தூள் பரப்பி, ஒளிந்துகொள்ளப் பாதி உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து, சூட்டுக்கு ஒரு விளக்கும் மாட்டினேன். உன் அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆமைக்கு வீடு கட்டினீங்களா, நகைக்கடை வச்சீங்களா?" என்று கேட்டாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சில வாரங்களில் ஆமை இலையைத் தொடுவதை நிறுத்தியது. பகல் முழுவதும் கண்ணாடியை முட்டிக்கொண்டு நின்றது; பிறகு அதையும் விட்டது. வெதுவெதுப்பான நீரில் உட்கார வைத்தபோது ஓட்டின் விளிம்பை மெல்ல அழுத்திப் பார்த்தேன். அது அழுந்தியது. அன்று எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஆமை மருத்துவம் தெரிந்த டாக்டர் வினார்சி ஊரில் இல்லை. திங்களன்றுதான் வருவார் என்றார்கள். அதுவரை தாங்குமா என்பது எனக்கு ஐயமாகவே இருந்தது. உனக்கு என்ன பதில் சொல்வேன் என்பதை நினைக்கவே முடியவில்லை.

உன் அம்மாவுக்கு ஐயமே இல்லை. "பேரு கனம் தாங்கல. கையகல உடம்புக்கு உலகாளும் ராஜாவா? அப்பனுக்குத் தப்பாத பொண்ணு!" என்றாள். கைக்குழந்தையாக இருந்தபோது உனக்கு நான் இட்டது மூன்று அரசிகளின் பெயர்களைக் கோத்த பெயர் என்பதும், காய்ச்சல் விடாததால், பெயரின் கனம்தான் காரணம் என்று கஞ்சி படைத்து அதை லாரஸ் என்று சுருக்கினோம் என்பதும் நீ அறிந்தவை. அதே சடங்கை ஆமைக்கும் செய்வதென்று அவள் தீர்மானித்தாள். நான் மறுக்கவில்லை. மறுக்க என்னிடம் வேறு மருந்து இருக்கவில்லை.

அந்தத் திங்களுக்கு முந்தைய ஞாயிறு காலை தென்னை வெல்லமிட்ட சிவப்புக் கஞ்சியும் தேங்காய்ப்பால் வெள்ளைக் கஞ்சியும் தயாராயின. ஓதுவதற்குப் பக்கத்து வீட்டு ஸ்லாமெத்தை அழைத்திருந்தோம். புதுப் பெயராக அம்மா தேர்ந்தெடுத்திருந்ததும் ஸ்லாமெத். நலம் என்னும் பொருளுக்காகத் தேர்ந்தெடுத்தவள், ஓத வரப்போகிறவர் யார் என்பதை மறந்துபோனாள். அவர் பாயில் அமர்ந்த பிறகே அது எங்களுக்கு உறைத்தது.

அவர் சிரித்த சிரிப்பில் கஞ்சிக் கிண்ணம் ஆடியது. "வைங்க அண்ணி, தாராளமா வைங்க! ஆனா சாப்பாட்டு நேரத்துல ஸ்லாமெத்துன்னு கூப்பிட்டீங்கன்னா ரெண்டு பேருமே வந்து நிப்போம். கீரைய யாருக்குப் போடுவீங்க, கறிய யாருக்குப் போடுவீங்க?" என்றார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு அவரே பெஜோ என்று சொன்னார்: அதிர்ஷ்டக்காரன்.

அடுத்து ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. "நோட்டரி ஐயா, மனுஷனுக்கு ஓதுவேன். ஆமைக்கு ஓதினேன்னு தெரிஞ்சா பள்ளிவாசல்ல என்னை வச்சுச் செய்வாங்களே" என்று தயங்கினார். இந்த வீட்டில் மூச்சுவிடும் யாவும் நலமாயிருக்க வேண்டும் என்று வேண்டுதலின் சொற்களை நான் அமைத்துக் கொடுத்தேன். அவருக்கு அது பொருந்தியது.

பாய் விரிக்கத் தாழ்வாரத்தில் இடம் போதாமல், கூண்டை ஒரு மூலைக்கு நகர்த்தும்பொருட்டு, ஆமையை முற்றத்துச் செம்பருத்தியின் அருகே புல்லில் விட்டிருந்தேன். நல்ல வெயில். காவலுக்குக் கையில் விசிறியோடு நான் வாசற்படியில் அமர்ந்து கொண்டேன். முதலில் அது கழுத்தை நீட்டிக்கொண்டு வெறுமனே கிடந்தது. வேண்டுதல் நீண்டது, ஸ்லாமெத் எதையும் சுருக்கமாகச் செய்பவர் அல்லர். அனைவரும் ஆமீன் சொன்ன வேளையில் நான் திரும்பிப் பார்த்தேன். உதிர்ந்து கிடந்த செம்பருத்திப் பூ ஒன்றின் பாதியைக் காணவில்லை. ஆமையின் வாய் சிவந்திருந்தது.

ஆமீன் சொல்ல மறந்தவன் நான் ஒருவனே. விசிறியைப் போட்டுவிட்டு, "தின்னுது! தின்னுது!" என்று நான் கத்தியதாகச் சாட்சிகள் கூறுகிறார்கள்.

மறுநாள் டாக்டர் வினார்சி வந்து கூண்டைப் பார்த்தார். "ஐயா, கண்ணாடி வழியா வெளிச்சம் வரும். ஆனா ஓடு கெட்டியாக வேணுங்கற வெயில் வராது. நீங்க எல்லாத்தையும் தடுத்துட்டீங்க, வெயிலையும் சேர்த்து" என்றார். சுண்ணாம்புச் சத்துப் பொடியும் தந்தார். உன் அம்மா விடவில்லை: "வெயில் என்ன நேத்துத்தான் பொறந்துச்சா? பேரு மாத்தின அன்னிக்குத்தானே வாயத் திறந்துச்சு?" எது காரணம் என்று தீர்ப்பளிக்க எனக்கு அதிகாரம் இல்லை. இரண்டையும் பதிவு செய்கிறேன்.

தச்சரை மறுபடி அழைத்தேன். இப்போது முற்றத்தில், வெளியே பார்த்து முட்டாதபடி தாழ்ந்த பலகைச் சுவர். தோண்டிப் போகாதபடி அது மண்ணுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. மேலே பூனைக்காகக் கம்பிவலை மட்டும். ஒரு பாதி வெயில், ஒரு பாதி நிழல். பூட்டு இல்லை. சில வாரங்கள் கழித்து, நேற்று டாக்டர் மறுபடி வந்து ஓட்டை அழுத்திப் பார்த்து, "கெட்டிப்பட்டுடுச்சு, ஐயா" என்றார். கண்ணாடிக் கூண்டில் அம்மா மிளகாய் நாற்று விட்டிருக்கிறாள்.

இனி, நீ கேட்டிருந்தது. கூப்பாங்கில் மேலும் இரண்டு ஆண்டு இருக்கச் சொல்கிறார்கள், அப்பா சம்மதித்தால்தான் கையெழுத்திடுவேன் என்றாய். அந்த ஊரின் காய்ச்சலையும் கடலையும் பற்றி நான் பேசினேனே தவிர, பதில் சொல்லவில்லை.

அங்கே வெயில் அதிகம் என்று கேள்விப்படுகிறேன். நல்லது. தொப்பி அணிந்துகொள். ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் படித்த பிறகே கையெழுத்திடு. நோன்புப் பெருநாளுக்கு ஊர் வந்துபோக விடுப்பு உண்டா என்று பார். இல்லையெனில் எழுத்தில் சேர்க்கச் சொல். அந்த ஒரு பிரிவில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. நீ இருக்கும் இடத்தில் மூச்சுவிடும் யாவும் நலமாயிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தந்தை
(ஒப்பம்) ஹர்தோயோ

சாட்சிகள்:
1. சுலாஸ்த்ரி, உன் அம்மா. (பேருதான் காரணம். பெருநாளுக்குக் கட்டாயம் வா, கண்ணு.)
2. ஸ்லாமெத், பக்கத்து வீடு. (மனிதன்.)

திருத்தம்: இத்தாளின் வலது கீழ்மூலை காணப்படாதது, சாட்சிகள் ஒப்பமிடும் பொருட்டு இதைப் புல்லில் வைத்தபோது பெஜோ கடித்ததால். பார்த்தேன், தடுக்கவில்லை. ஹ.