வேண்டாம் என்று அழுத்திய பிறகு

ஸ்வோலெ,
மார்ச் 4

அன்புள்ள யோரின் அக்கா,

ஏதோ இருக்கிறேன். மெயில் போட்டால் ரூலோஃப் படிப்பான், அதனால் தபால். பதிலை ரொட்டிக் கடை முகவரிக்கே போடு.

போன வாரம் கடைப் பின்கட்டில் நின்று, என் போனில் நீ வேலை பார்க்கும் பெண்கள் இல்லத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். அங்கே வந்துவிடு என்று நீயும் எவ்வளவு காலமாகச் சொல்கிறாய். பூனையைக் கூட்டி வரலாமா என்றுதான் பார்த்தேன். என்னைக் குறித்துவைக்க 'குக்கீ' போடலாமா என்று பக்கம் கேட்டது. 'வேண்டாம்' என்று அழுத்தினேன்.

அன்று சாயங்காலம் ரூலோஃப் வீட்டு டேப்லெட்டில் ஸ்கேட்டிங் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் உங்கள் விளம்பரம்: 'வீட்டில் பயமா? இங்கே இடம் இருக்கிறது.'

"இது எதுக்குடி நம்ம வீட்டுக்கு வருது?" என்று சிரித்தான்.

"எல்லாருக்கும்தான் வரும்" என்றேன்.

மறுநாளும் வந்தது. அவன் சிரிக்கவில்லை. நான் வேண்டாம் என்றுதானே அக்கா அழுத்தினேன்?

உன் லீஸ்பெத்

க்ரோனிங்கன்,
மார்ச் 8

லீஸு கண்ணே,

நீ சரியாகத்தான் அழுத்தினாய். இல்லத்தின் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நான்தானே, வெளி நிறுவனங்களின் ஸ்கிரிப்ட், அதாவது பார்ப்பவரைக் குறித்துக்கொள்ளும் நிரல், எதுவும் சம்மதம் கிடைக்கும்வரை ஓடாதபடி தடுத்து வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து வரும் வரைபடம்கூட அதுவரை தெரியாது. ஆனால் இல்லத்துக்கு விளம்பரமும் நன்கொடையும் பார்ப்பவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள், அதுவும் என் தடுப்புக்கு மேலே, பக்கத்தின் தொடக்கத்திலேயே. நீ பொத்தானைப் பார்ப்பதற்குள் அது உன்னைக் குறித்துக்கொண்டுவிட்டது. டேப்லெட்டிலும் போனில் இருக்கும் அதே உன் கணக்குதானே, அங்கேயும் வந்து நிற்கிறது.

அதை எடுத்துவிட்டேன். ஆனால் போன விவரம் போனதுதான். திரும்ப வாங்க என்னிடம் வழி இல்லை.

டேப்லெட்டில் உன் கணக்கிலிருந்து வெளியே வந்துவிடு. நீயும் வந்துவிடேன். பூனைக்கு இடம் உண்டு.

யோரின்

ஸ்வோலெ,
மார்ச் 13

அக்கா,

கணக்கிலிருந்து வெளியே வந்தேன், அதுவே வம்பாகிவிட்டது. "எதை மறைக்கிற நீ?" என்று கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து திரும்ப உள்ளே போக வைத்தான். நேற்று அந்த விளம்பரம் மறுபடி வந்தது. எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாயே?

திங்கட்கிழமை கடை விடுமுறை. அவன் வேலைக்குப் போனதும் ரயில் ஏறுகிறேன். ஸ்டேஷனில் நில்லு. உன் வீடு வேண்டாம், அவனுக்குத் தெரியும். நேரே இல்லத்துக்குப் போய்விடலாம்.

லீஸ்

க்ரோனிங்கன்,
மார்ச் 20

லீஸு,

இருட்டும்வரை ஸ்டேஷனில் நின்றேன். மறுநாள் கடைக்குப் போன் போட்டேன். ரூலோஃப் வந்து, "இனிமே அவ வேலைக்கு வரமாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனானாம். இந்தக் கடிதத்தை எப்படியாவது உன்னிடம் சேர்ப்பதாக உன் முதலாளியம்மா சொல்கிறார்.

நான் எடுத்ததை அந்த ஆட்கள் திரும்பப் போட்டிருக்கிறார்கள். எங்கள் இயக்குநர் ஹெட்டியிடம் சண்டைக்குப் போனேன்.

"இந்த விளம்பரம் ஓடினாத்தான் யோரின், நாம இல்லத்தை நடத்த முடியும்."

"வேண்டாம்னு சொன்ன பொண்ணுங்க பின்னாடி போறோம் ஹெட்டி. அந்த டேப்லெட் புருஷன் கையில இருக்கு!"

உட்கார்ந்துவிட்டார். அன்றே நிறுத்தச் சொன்னார். இனி யாருக்கும் வராது. உனக்கு அதனால் என்ன லாபம்?

போலீஸை அனுப்பினேன். நீயே கதவைத் திறந்து, ஒன்றும் இல்லை என்று சொன்னாயாம். ஒன்றும் இல்லை என்று நீ சொன்ன பிறகு அவர்களும் என்ன செய்வார்கள். ஒரு வரி போடு.

அக்கா

மெயில், மார்ச் 26

யோரின்,

நாங்கள் நலம். இதை நானும் ரூலோஃபும் சேர்ந்து எழுதுகிறோம். இனி எங்களுக்கு ஒரே மெயில் முகவரிதான். வாசலில் போலீஸ் வந்து நின்றது ரூலோஃபுக்கு மிகுந்த அவமானம். எங்கள் வீட்டு விஷயத்தில் நீ தலையிடுவது இதுவே கடைசியாக இருக்கட்டும். ஈஸ்டருக்கு வர வேண்டாம்.

ரூலோஃப், லீஸ்பெத்

மெயில், மார்ச் 27

அன்புள்ள ரூலோஃப், அன்புள்ள லீஸ்பெத்,

நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. ஈஸ்டருக்கு வரவில்லை.

ரூலோஃப், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பிப்ரவரி கடைசியில் ஸ்வோலெ வந்தபோது ரொட்டிக் கடைக்குப் போயிருந்தேன். என் போனில் சார்ஜ் இல்லை. வேலை அவசரத்துக்கு லீஸ்பெத்தின் போனை வாங்கி, எங்கள் இல்லத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தது நான்தான். அதனால்தான் உங்கள் வீட்டுக்கு அந்த விளம்பரம் வந்திருக்கிறது. அவள் எதையும் தேடவில்லை. உங்களைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. போலீஸை அனுப்பியது என் முட்டாள்தனம். அவளுக்கு அது தெரியாது.

கோபம் இருந்தால் என்னிடம் காட்டுங்கள். தயவுசெய்து.

யோரின்