மனைப் பத்திரம் அனுப்ப மாட்டேன்

காரைக்கால்
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்பு மகன் இக்பாலுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையில் நானும் தங்கச்சி அஃபீஃபாவும் சுகம், ஷார்ஜாவில் உன் உடம்புக்கும் வேலைக்கும் குறை வரக்கூடாதென்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாய்ஸ் அனுப்பினால் பாதி கேட்டுவிட்டு "சரி உம்மா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதி, லீவு முடிந்து திரும்பும் உன் ரூம்காரன் நூகுவிடம் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

அஃபீஃபாவுக்கென்று நான் வைத்திருக்கும் மனைப் பத்திரத்தை நம் ஊர் அஸ்கரிடம் கொடுங்கள், அடகு வைத்து அவனுடைய தங்க வியாபாரத்தில் போடுவோம், மாதாமாதம் லாபம் வரும், சீக்கிரமே இரட்டிப்பாகும், அந்தப் பணத்தில் அவளுக்கு மாடி வீடே கட்டலாம் என்று சொன்னாய். கொடுக்க மாட்டேன். நம் ஊரில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்குக் குடிவருகிறார். அந்த மனை போனால் அவள் நிக்காஹ்வுக்குப் பிறகு எந்தக் கூரையின் கீழ் நிற்பாள்? வட்டி ஹராம் என்று பேங்கில் பணம் போடாதவன் நீ, தங்கச்சியின் மனையை வட்டிக்கு அடகு வைக்க மட்டும் எப்படி மனசு வந்தது?

அஸ்கர் போன வாரம் பேரீச்சம்பழ டப்பாவோடு வீட்டுக்கே வந்துவிட்டான். "நம்ம ஊரு ஆளுங்க எல்லாம் போட்டுட்டாங்க மாமி, நீங்கதான் பாக்கி" என்றான். தங்கம் விலை இறங்குற மாசம் எங்களுக்கு என்ன தருவே என்று கேட்டேன். "அதே தொகைதான் மாமி, ஒரு பைசா குறையாது" என்றான். அப்ப நஷ்டம் யாருக்கு என்றேன். "நஷ்டமே கிடையாது மாமி" என்று சிரித்தான். "நானும் இத்தனை வருஷமா துண்டு விக்கிறேன் தம்பி, இப்படி ஒரு வியாபாரத்தைப் பார்த்ததில்லையே. நஷ்டத்துல பங்கு இல்லாம மாசாமாசம் நிலையா வர்ற காசுக்கு என்ன பேருன்னு நீயே சொல்லிட்டுப் போ" என்றேன். டீயைக் குடிக்காமல் எழுந்தான், டப்பாவை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டான். லாபம் என்று பெயர் வைத்துவிட்டால் நம் ஆட்கள் வேறு எதுவும் கேட்பதில்லை, தொழுகையில் பக்கத்தில் நிற்பவன் ஏமாற்றுவானா என்கிறார்கள். பக்கத்தில் நின்று தொழுதால் போதுமா, சரக்கைக் காட்ட வேண்டாமா? அவன் திருடன் என்று நான் சொல்லவில்லை, என் கேள்விக்குப் பதில் இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

என் அண்ணன், உன் மாமா ஜெகபர் சாதிக்கும் வந்து சத்தம் போட்டார். "பொம்பளைக்கு எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்?" என்றார். "உங்க மவனுக்கு விசா எடுக்கக் காசு கேட்டு எங்கிட்ட வந்தப்ப இந்தப் பொம்பளை கணக்கு நல்லாத்தானே இருந்துச்சு நானா" என்றேன். உடனே பேச்சை மழைக்குத் திருப்பிவிட்டார். உன் வாப்பா மௌத்தான பிறகு திருநள்ளாற்றில் குளத்தில் முழுக்குப் போட வருகிறவர்களுக்காகத் துண்டும் வேட்டியும் மூட்டையாகக் கட்டி, பஸ்ஸில் கொண்டுபோய்க் கடைகடையாகப் போட்டவள் நான். சனிக்கிழமைக் கூட்டத்தை நம்பியே பிழைப்பு. கொரோனாவில் கோயில் சாத்தியதும் என்னிடம் சரக்கெடுக்கும் மருதையன் கடையைப் பூட்டிவிட்டு அழுதார், நான் அழவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமை விற்பனையிலும் வீட்டுச் செலவுக்கு எடுக்கும் முன்பே ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருந்தேன், அதில்தான் நீ படிப்பை முடித்தாய்.

நீயும் அப்படியே செய். சம்பளம் வந்த அன்றே ஒதுக்கு, மிச்சத்தில்தான் செலவு. நாளைக்கு வேலை போனாலும் ஆறு மாதம் சாப்பிடுகிற அளவுக்குக் கையில் இருக்கட்டும், அதை யார் கேட்டாலும் தொடாதே, நான் கேட்டாலும். சேர்த்து வைக்கத் தங்கம் வாங்கினால் தங்கக் காசாக வாங்கு, நகையென்றால் செய்கூலி, சேதாரம் என்று கொஞ்சம் கடைக்காரனிடமே நின்றுவிடும். வட்டித் தொழிலும் சாராயக் கம்பெனியும் சேராத பங்குகளாகப் பார்த்துப் போடும் ஃபண்ட் இருக்கிறதாம், அஃபீஃபா படித்துக் காட்டினாள். இது இறங்கவும் செய்யும் என்று அவர்களே எழுதித் தருகிறார்கள், அதனால்தான் அவர்களோடு பேசத் தோன்றுகிறது. மாதம் கொஞ்சம் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் மறந்துவிடு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டாதே. கடன் வாங்கி மட்டும் எதிலும் போடாதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீயும் மாமாவும் சேர்ந்து என் மனதைக் கரைத்துவிடக் கூடாதென்று புதன்கிழமையே ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போய் மனையை அஃபீஃபா பெயருக்கே தானமாக எழுதிவிட்டேன். இனிப் பத்திரம் வேண்டுமானால் அவளைக் கேள். அண்ணன் கேட்டால் என்ன சொல்வாய் என்று அவளிடமே கேட்டேன், "நானா வரட்டும், செங்கல் தூக்க ஆள் வேணும்" என்கிறாள்.

பத்திரம் வரவில்லையென்றால் நிக்காஹ்வுக்கு வர மாட்டேன் என்று சொன்னாயாமே. சொல்லிக்கொள். மாப்பிள்ளை உட்கார்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் பெண்ணின் கூடப்பிறந்தவனும் கை வைக்க வேண்டும், அந்த இடத்தில் வேறு யாரையும் நான் உட்காரவிட மாட்டேன். நீ வரும்வரை சோறு ஆறினாலும் ஆறட்டும்.

ரமலானுக்கு முன், ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய ஜகாத்துக்குக் கணக்குப் பார்க்க மறக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான பரக்கத்தையும் தருவானாக, ஆமீன்.

டிக்கெட் போட்டதும் சொல்.

உன் உம்மா
ஷரீபுன்னிசா